பக்கம் எங்கே முடிய வேண்டும்?

வேதியியல் செய்முறை நூல் ஒன்று உங்கள் முன் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தின் அடியில் 4ஆம் படி தொடங்குகிறது: ‘அடர் கந்தக அமிலத்தையும் தண்ணீரையும் கலக்கவும்.’ அத்துடன் பக்கம் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பினால்தான் அதே படியின் மீதி தெரிகிறது: ‘அமிலத்தைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது.’

அமிலமும் நீரும் சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். அமிலத்தின் மேல் ஊற்றிய சிறிதளவு நீர் சட்டென்று கொதித்து, அமிலத்தோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும். நூலாசிரியர் எச்சரிக்கையை எழுதத் தவறவில்லை. மாணவரும் கவனமாகத்தான் படித்தார். ஆனால் பக்கம் தவறான இடத்தில் முறிந்துவிட்டது! தேர்வுத்தாளிலும் இப்படி நேர்வதுண்டு. (அ), (ஆ), (இ) என்ற விடைகள் ஒரு பக்கத்திலும் (ஈ) அடுத்த பக்கத்திலும் இருந்தால், அவசரத்தில் எத்தனை பேர் அந்த நான்காம் விடையைப் பார்ப்பார்கள்?

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், வரிகளைப் பக்கமாக அமைத்தவர் இதைக் கண்ணால் பார்த்தே சரிசெய்வார். ஒரு வரியை மேலே ஏற்றுவார். இடைவெளியைச் சற்றுக் கூட்டுவார். இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. அதற்கோ அமிலமும் தெரியாது, தேர்வும் தெரியாது. அப்படியானால் ‘இங்கே முறிக்காதே’ என்பதை அதற்கு எப்படிப் புரியவைப்பது?

கணினிக்கு அச்சுக்கலை கற்பித்தவர்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர் டொனால்ட் குனூத். கணினி நிரலாக்கம் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. அது உலோக எழுத்துகளால் அழகாகக் கோக்கப்பட்ட நூல். இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான மெய்ப்புகள் 1977இல் அவர் கைக்கு வந்தன. அதற்குள் அச்சுத் தொழில் ஒளிப்பட முறைக்கு மாறியிருந்தது. எழுத்துகளின் தோற்றம் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆகவே, பக்கங்களை அமைக்கும் நிரலை அவரே எழுதத் தொடங்கினார். ஓராண்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலைக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன!

அந்த நிரலின் பெயர் டெக். பெயரின் கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் போலத் தோன்றினாலும் உண்மையில் அது ‘கை’ என்னும் கிரேக்க எழுத்து. லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் 1980களில் டெக்கின் மேல் மற்றோர் அடுக்கைக் கட்டினார். அதுவே லேடெக். ‘இது தலைப்பு, இது பட்டியல், இது பட்டியலின் ஒரு கூறு’ என்று எழுதுபவர் குறித்துக் கொடுத்தால் போதும். பக்கத்தை அமைப்பது லேடெக்கின் பொறுப்பு. கணித, இயற்பியல் கட்டுரைகள் பலவும் இன்றுவரை அதில்தான் உருவாகின்றன.

அபராதம் என்னும் மொழி

கணினிக்கு அழகு தெரியாது, எண் தெரியும். எனவே குனூத் ஒவ்வோர் அழகுக் குறைவுக்கும் ஒரு விலை வைத்தார்.

முதல் விலை, இடைவெளிக்கு. பத்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைச் சுருள்வில்லாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் அந்த வில் நீண்டு அதை நிரப்புகிறது. இயல்பாக நீளக்கூடிய அளவு முழுவதும் நீண்டால் விலை 100. பாதி நீண்டால் 50 அன்று, ஏறத்தாழ 12தான். இருமடங்கு நீண்டால் 800! நீட்சி விகிதத்தின் மும்மடியை 100ஆல் பெருக்குவதே விதி. சிறு குறையை மன்னித்து, பெருங்குறையைக் கடுமையாகத் தண்டிக்கும் விதி இது.

இரண்டாவது விலை, முறிக்கும் இடத்துக்கு. இதன் பெயரே அபராதம். பத்தியின் முதல் வரியை மட்டும் பக்கத்தின் அடியில் விட்டால் அபராதம் 150. கடைசி வரியை மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாலும் 150. பட்டியலின் இரண்டு கூறுகளுக்கு இடையே முறித்தால் லேடெக் 51 கழித்துக்கொள்கிறது. ‘இது நல்ல இடம்’ என்று கொடுக்கும் பரிசு அது. அபராதம் 10,000 என்றால் அங்கே முறிக்கவே கூடாது.

இரண்டு விலைகளையும் கூட்டி, எந்த இடத்தில் தொகை மிகக் குறைவோ அங்கே டெக் பக்கத்தை முறிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோமா?

ஒரு வரியின் உயரம் 12 பாயிண்ட். அதாவது நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்தில் உள்ள இடைவெளிகள் மொத்தம் 24 பாயிண்ட் நீளும். அடுத்து வருவது நான்கு வரிகள் கொண்ட ஒரு கூறு. பக்கத்தில் சரியாக இரண்டு வரிக்கே இடம் இருக்கிறது. டெக்கின் முன் மூன்று வழிகள் உள்ளன.

கூறுக்கு முன்பே முறித்தால் 24 பாயிண்ட் மிஞ்சும். வில் முழுதும் நீளும், விலை 100. பரிசு 51 போக, 49.

முதல் வரிக்குப் பின் முறித்தால் 12 பாயிண்ட் மிஞ்சும். நீட்சியின் விலை 12, அபராதம் 150. ஆக மொத்தம் 162.

இரண்டாம் வரிக்குப் பின் முறித்தால் எதுவும் மிஞ்சாது, அபராதமும் இல்லை. மொத்தம் 0.

எது குறைவு? பூஜ்யம்தானே! எனவே டெக் கூறை நடுவில் பிளந்துவிடும். அதன் கணக்கில் பிழை இல்லை. ‘கூறு பிளவுபடக் கூடாது’ என்ற நம் விருப்பத்துக்கு நாம் விலை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வரிகளுக்கு இடையே முறிப்பதற்கு 10,000 அபராதம் வைப்போம். லேடெக்கில் இதற்கு ‘இன்டர்லைன்பெனால்டி’ என்ற எண் இருக்கிறது. இயல்பாக அதன் மதிப்பு 0. பட்டியலுக்குள் அதை 10,000 ஆக்கினால் பின்னிரண்டு வழிகளும் அடைபடும். 49 வெல்லும், கூறு முழுதாக அடுத்த பக்கத்துக்குப் போகும்.

தடையா, அபராதமா?

அப்படியானால் எல்லாப் பட்டியலுக்கும் 10,000 வைத்துவிடலாமே என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். கூறு 12 வரி நீளமானது, பக்கத்தில் 6 வரிக்கு இடம் இருக்கிறது என்று கொள்வோம். தடை விதித்தால் 72 பாயிண்ட் இடம் மிஞ்சும். வில் மும்மடங்கு நீள வேண்டும், விலை 2,700. பரிசைக் கழித்தாலும் 2,649. பக்கம் ஓட்டைப் பல் போலத் தோன்றும். அபராதம் 500 மட்டும் என்றால், ஆறாம் வரிக்குப் பின் முறிப்பதன் விலை 500தான். டெக் அதையே தேர்ந்தெடுக்கும். ஆனால் முன்பு பார்த்த நான்கு வரிக் கூறை இதே 500 காப்பாற்றிவிடும். அங்கே போட்டி 49க்கும் 500க்கும்தான். சிறு கூறுகளைக் காத்து, பெருங்கூறுகளுக்கு விட்டுக்கொடுக்கும் எண் அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த அபராதம் ஒரே பத்தியின் வரிகளுக்கு இடையில்தான் செல்லும். ஒரு கூறில் இரண்டு பத்திகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே பக்கம் முறியலாம். முதல் பத்தியில் செய்முறையும் இரண்டாம் பத்தியில் எச்சரிக்கையும் இருந்தால் பழைய ஆபத்து திரும்பிவிடும் அல்லவா? அப்போது கூறு முழுவதையும் ‘மினிபேஜ்’ என்ற பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டியை டெக் ஒருபோதும் பிளக்காது. ஆனால் பக்கத்தைவிட நீளமான கூறைப் பெட்டிக்குள் வைத்தால், அது தாளின் அடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்!

மற்றொரு வழி ‘நீட்ஸ்பேஸ்’ என்ற கட்டளை. ‘குறைந்தது இவ்வளவு இடம் மீதி இருந்தால் இங்கேயே தொடங்கு, இல்லையேல் அடுத்த பக்கத்துக்குப் போ’ என்பதே அதன் பொருள்.

திரும்பிப் பார்க்காத கணினி

பத்தியை வரிகளாக முறிக்கும்போது டெக் பத்தி முழுவதையும் ஆராய்கிறது. கடைசிச் சொல்லின் நலனுக்காக முதல் வரியைக்கூட மாற்றும். பக்க விஷயத்தில் அப்படியில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் அதை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 7ஆம் பக்கத்தில் இடைஞ்சல் வந்தால் 6ஆம் பக்கத்தைத் திருத்தாது. காரணம், டெக் பிறந்த காலத்துக் கணினிகளின் நினைவகத்தில் பல பக்கங்களை ஒருசேர வைத்திருக்க இடம் இல்லை. இன்றைய கணினிகளில் இடம் தாராளமாக இருந்தும் டெக்கின் முறை அப்படியே இருக்கிறது. ஆகவேதான் நூல் தயாரிப்பவர்கள் இறுதியில் ஒவ்வொரு பக்கத்தையும் தம் கண்ணால் பார்க்கிறார்கள்.

செய்து பாருங்கள்

அதே பக்கம், அதே 24 பாயிண்ட் நீட்சி. அடுத்து வருவது 8 வரிக் கூறு. பக்கத்தில் சரியாக 3 வரிக்கு இடம் உண்டு. வரிகளுக்கு இடையிலான அபராதம் 150 என்றால் கூறு பிளக்குமா? 300 என்றால்? முதலில் தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு கீழே படியுங்கள்.

விடை: கூறுக்கு முன்பே முறித்தால் 36 பாயிண்ட் மிஞ்சும். நீட்சி ஒன்றரை மடங்கு. விலை ஏறத்தாழ 337. பரிசு போகச் சுமார் 286. எனவே அபராதம் 150 என்றால் கூறு பிளக்கும். 300 என்றால் முழுதாக அடுத்த பக்கத்துக்குப் போகும். எது வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அதை எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டால், மீதிக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும்.