பூங்காவைக் காத்த குதிரைப்படை

அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா சட்டத்தின்வழி நிறுவப்பட்டபோது, அதன் பாதுகாப்புக்கெனப் பணமோ பணியாளரோ ஒதுக்கப்படவில்லை. முதல் கண்காணிப்பாளரான நத்தானியேல் லாங்ஃபோர்டு ஊதியமின்றியே பொறுப்பு வகித்தார். திருட்டு வேட்டையாடுவோரும், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உறைந்திருந்த கனிமப் படிவுகளை உடைத்து நினைவுப்பொருளாகக் கொண்டுசெல்வோரும் பெருகியமையால், 1886-இல் பூங்கா நிர்வாகம், சற்றே வியப்புக்குரிய வகையில், இராணுவக் குதிரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும், தண்டனை விதிக்கப் போதிய சட்டம் இல்லாமையால், பிடிபட்டவர்களைப் பூங்கா எல்லைக்கு வெளியே விரட்டுவதற்கு மேல் படைவீரர்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. காட்டெருமைகள் மிகவும் அருகிப்போன பின்னரே, 1894-இல் லேசி சட்டம் அக்குறையை நீக்கியது.

பூங்காக்களைப் பராமரிக்கும் தனித்துறையான தேசியப் பூங்காச் சேவை 1916 ஆகஸ்ட் 25 அன்று தோன்றியது. படையினர் 1918-இல் விடைபெற்றனர். இயற்கையைச் சிதைவின்றி வருங்காலத் தலைமுறையினருக்கு விட்டுவைப்பதே இச்சேவையின் கடமை என்று சட்டம் வகுத்திருந்தும், மான் முதலியவற்றைக் காப்பதாகக் கருதி ஓநாய்களைக் கொல்லும் வழக்கம் 1926 வரை நீடித்தமை பெருமுரணே. மான்களை இரையாக்கும் ஓநாய்கள் அற்றுப்போனதால் எல்க் எனப்படும் பெருமான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்க்கவே, 1995-இல் கனடாவிலிருந்து ஓநாய்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன.