மாலுமிக்கு வேண்டிய செய்தி

கரையிலிருப்போனுக்கு 'மழை பெய்யலாம்' என்ற செய்தியே போதும். கடலிற் செல்வோனுக்கு அது போதாது. காற்று எத்திசையிலிருந்து, எத்துணை வலிமையுடன், எப்பொழுது வீசும் என்பதை அவன் அறிதல் வேண்டும்.

1859இல் 'றோயல் சாட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் கரையோரத்திற் புயலிற் சிக்கி உடைந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழிவின் பின்னரே, 1861இல், பிற்ஸ்றோய் என்னும் கடற்படை அதிகாரி பிரித்தானியத் துறைமுகங்களுக்குத் தந்திமூலம் புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார்.

இன்று அந்நாட்டு வானொலி 31 கடற்பகுதிகளின் நிலையை ஏறத்தாழ 350 சொற்களில் அடக்கிக் கூறுகின்றது. கடுங்காற்று 'உடன்' வருமெனின் 6 மணித்தியாலத்துள் என்பது பொருள்; 'விரைவில்' எனின் 6 முதல் 12 மணித்தியாலத்துள்; 'பின்னர்' எனின் அதற்கும் அப்பால். துறைமுகம் திரும்புவதா, மேற்செல்வதா என்பதை மாலுமி அந்த ஒரு சொல்லைக் கொண்டே துணிகின்றான்.