உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் தலைகாட்டிய புதிய காலரா
வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலராவை உண்டாக்கும், காற்புள்ளிபோல் வளைந்த விப்ரியோ கிருமியில் 138 வகைகள் அறியப்பட்டிருந்தும், கொள்ளைநோயாய்ப் பரவும் சக்தி ஓ1 என்னும் ஒன்றுக்கே உண்டென்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பியிருக்க, அந்நம்பிக்கையைத் தகர்த்த ஓ139 என்னும் புதுவகை, 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முதன்முதலாகத் தலைகாட்டியது நம் சென்னையிலேதான்!

சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. பழைய காலராவினின்று தேறியவர்களின் தேகத்தில் ஊறியிருந்த எதிர்ப்புச் சக்தியும் அதைத் தடுக்கவில்லை.

ஆயினும் சிகிச்சை மாறவில்லை. ஒவ்வொரு தாயும் மனத்தில் இருத்தவேண்டியது இதுவே: அரிசி களைந்த நீர்போல் பேதியானால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் ஜலத்தில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.