விளையாட்டுப் பதற்ற மேலாண்மை

விளையாட்டுப் பதற்ற மேலாண்மை என்பது போட்டிக்கு முன்னும் போட்டியின்போதும் வீரர்களுக்கு ஏற்படும் அச்சம், படபடப்பு, கவனச் சிதறல் ஆகியவற்றைக் கையாண்டு, பயிற்சியில் பெற்ற திறனைக் களத்திலும் வெளிப்படுத்த உதவும் உளவியல் நுட்பங்களின் தொகுப்பு ஆகும். இது விளையாட்டு உளவியல் என்னும் துறையின் ஒரு பகுதி. பதற்றத்தை முற்றிலும் நீக்குவதே இதன் நோக்கம் என்று பலரும் கருதுவதுண்டு, அது சரியன்று. பதற்றம் இருக்கும்போதே, அடுத்துச் செய்ய வேண்டிய செயலில் கவனத்தை நிறுத்தப் பழகுவதே இந்நுட்பங்களின் அடிப்படை. சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 ஆம் ஆண்டு உலகச் சதுரங்க வாகையர் பட்டத்தை வென்ற போட்டி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பதற்றத்தின் இயல்பு

பதற்றத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று உடல் சார்ந்தது: அட்ரினலின் சுரப்பு மிகுதல், நெஞ்சு படபடத்தல், உள்ளங்கை வியர்த்தல், தசை இறுகுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் போன்றவை. மற்றொன்று மனம் சார்ந்தது: தோற்றுவிடுவோமோ, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணச் சுழல். உடற்கூறு பெரும்பாலும் ஆட்டம் தொடங்கியதும் தணிந்துவிடும். எண்ணச் சுழல் அவ்வாறு தணிவதில்லை. ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் மீண்டும் எழக்கூடியது.

சிலர் இயல்பிலேயே எளிதில் பதறுபவர்கள். வேறு சிலருக்குச் சூழ்நிலையே பதற்றத்தைத் தருகின்றது. தமிழகப் பள்ளி விளையாட்டுகளில் இவ்விரண்டாவது வகையைத் தெளிவாகக் காணலாம். உடுமலைப்பேட்டையில் நீளம் தாண்டும் மாணவி ஒருவர் குறுவட்டப் போட்டியில் தமக்குப் பழகிய மைதானத்தில், தம் உடற்கல்வி ஆசிரியரின் கண்முன்னே தாண்டுகின்றார். வருவாய் மாவட்டப் போட்டிக்குச் செல்லும்போது மைதானம் புதிது. மாநிலப் போட்டிக்கோ முதல்நாளே பேருந்து ஏறி, அறிமுகமில்லாத இடத்தில் உறங்கி எழ வேண்டியுள்ளது. மணற்குழியும் மிதிபலகையும் அதே அளவினதாக இருந்தும், அவர் பலகையைத் தாண்டி மிதித்துத் தவறிழைக்கின்றார். அவருடைய திறன் இரண்டு வாரத்தில் குறைந்துவிடவில்லை. கவனம் போகும் இடம் மாறியிருக்கின்றது.

உடற்கிளர்ச்சிக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பைக் கவிழ்த்த 'ப' வடிவ வளைகோடாகக் காட்டுவது வழக்கம். கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் திறன் குறையும் என்பது அதன் பொருள். இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோரின் 1908 ஆம் ஆண்டு ஆய்வு எலிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. விளையாட்டு வீரர்களைப் பற்றியது அன்று. எனவே அவ்வளைகோட்டை ஒரு தோராயமான வழிகாட்டியாக மட்டும் கொள்வது நலம். பளுதூக்குபவருக்கு உதவும் கிளர்ச்சி அளவு துப்பாக்கி சுடுபவரைக் கெடுத்துவிடும். ஒரே விளையாட்டிலும் ஆளுக்கு ஆள் அது வேறுபடும்.

நன்கு பழகிய செயலே நெருக்கடியில் தடுமாறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1984 இல் ராய் பௌமைஸ்டர் வெளியிட்ட ஆய்வின்படி, நெருக்கடி மிகும்போது மனிதர் தம் அசைவுகளைத் தாமே கண்காணிக்கத் தொடங்குகின்றனர். தானாக ஓடிக்கொண்டிருந்த செயலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும்போது அதன் ஓட்டம் தடைப்படுகின்றது. மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் காலை எப்படி வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்குவதைப் போன்றது இது.

வரலாறு

மிதிவண்டி ஓட்டுபவர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறருடன் போட்டியிடும்போது விரைவாக ஓட்டுவதை நார்மன் ட்ரிப்லெட் 1898 இல் ஆராய்ந்தார். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் 1925 இல் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். இந்தியாவில் இத்துறை பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது பெரும்பாலும் 2008 க்குப் பின்னரே எனலாம்.

அவ்வாண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றை எட்டியும் அவர் ஏழாம் இடமே பெற்றிருந்தார். பீஜிங்குக்கு முன் ஜெர்மனியில் ஏறத்தாழ 40 அடி உயரக் கம்பம் ஒன்றில் ஏறி, அச்சத்தோடு செயல்படப் பழகியதை அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமநிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 புள்ளிகள் பெற்றார். ஹாக்கினென் 9.7 மட்டுமே பெற்று மூன்றாம் இடத்துக்குச் சென்றார்.

நுட்பங்கள்

மூச்சுப் பயிற்சி எளிதானது, கருவி வேண்டாதது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிட்டால் இதயத் துடிப்பு தணிகின்றது. கபடி ஆட்டத்தில் மூச்சு விதியிலேயே இடம்பெற்றுள்ளது: பாடிச் செல்பவர் மூச்சு விடாமல் 'கபடி கபடி' எனப் பாட வேண்டும். தொழில்முறைக் கபடியில் தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பிய அணிக்கு மூன்றாவது முறை 'டூ ஆர் டை ரெய்டு' ஆகிவிடுகின்றது. 30 நொடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் அவ்வீரர் வெளியேற வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிய பின் பதற்றத்தைத் தணிக்க நேரமிராது. கோட்டுக்கு இப்பால் நிற்கும் சில நொடிகளே அதற்கு உரியவை.

படிப்படியான தசைத் தளர்வு முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கினார். ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கிப் பின் தளர்த்துவதன் மூலம், இறுக்கம் எங்கே இருக்கின்றது என்பதையே முதலில் உணரக் கற்பிக்கின்றது இது. போட்டிக்கு முந்தைய இரவுக்கு ஏற்றது. களத்தில் இதற்கு நேரமில்லை.

தன்னுரை என்பது வீரர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்கள். இங்கேதான் பயிற்றுநர்கள் பெரிதும் தவறுகின்றனர். 'பதறாதே', 'கோட்டை மிதித்துவிடாதே' என்று கூவுவது நல்லெண்ணத்தால்தான். ஆனால் எதை நினைக்கக் கூடாது என்கிறோமோ அதுவே மனத்தில் முந்தி நிற்கும் என்பதை டேனியல் வெக்னர் 1987 இல் வெள்ளைக் கரடிச் சோதனை மூலம் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டவர்களால் அதை விலக்க இயலவில்லை. 1998 இல் அவர் குழுவினர் இதைக் கோல்ஃப் ஆட்டத்தில் சோதித்தனர். குழியைத் தாண்டி அடிக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், மனத்தில் வேறொரு சுமையும் இருந்தபோது, குழியைத் தாண்டியே அடித்தனர். எனவே தன்னுரை எதிர்மறையாக இல்லாமல், செய்ய வேண்டியதைக் குறிக்கும் சிறு சொல்லாக இருப்பது நன்று. தாண்டும் மாணவிக்கு 'நிமிர்ந்து ஓடு' என்பது போதும்.

பதற்றத்துக்கு வேறு பெயர் சூட்டுவதும் பயன்தரும் என்று அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கின்றது. மேடைப் பேச்சு, பாட்டு, கணக்கு ஆகியவற்றுக்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செய்தனர். துடிக்கும் நெஞ்சை அமைதி என்று நம்புவது கடினம். உற்சாகம் என்று நம்புவது எளிது.

மனத்தில் ஒத்திகை பார்த்தல் பற்றிய ஆய்வுகளை ஃபெல்ட்ஸ், லேண்டர்ஸ் ஆகியோர் 1983 இல் தொகுத்து ஆராய்ந்தனர். பயிற்சியே இல்லாமலிருப்பதைவிட மன ஒத்திகை மேல். ஆனால் அது உடற்பயிற்சிக்கு ஈடாகாது என்பது முடிவு. பதக்கம் வாங்குவதை மட்டும் கற்பனை செய்வது ஒத்திகை ஆகாது. முதல் தாண்டல் தவறாகிப் போனால் அடுத்துச் செய்ய வேண்டியதையும் ஒத்திகை பார்ப்பதே களத்தில் உதவும்.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோக்கும் நூல், ஆட்டத்துக்கு முந்தைய வழக்கமுறை. கூடைப்பந்தில் தனியெறி எறிபவர் பந்தைக் குறிப்பிட்ட முறை தட்டி, மூச்சு விட்டு, வளையத்தை நோக்குவது இவ்வகை. ராசி பார்ப்பதினின்று இது வேறுபட்டது. ராசியான கைக்குட்டை தொலைந்தால் நம்பிக்கையும் தொலையும். வழக்கமுறை வீரரின் கட்டுப்பாட்டிலேயே உள்ளது.

குகேஷும் பேடி அப்டனும்

தென்னாப்பிரிக்கரான பேடி அப்டன், 2011 இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்கும் மனப் பயிற்சியாளராக இருந்தவர். அதே ஆண்டு குகேஷுடனும் பணியாற்றினார். பெரிய போட்டி என்பதற்காகப் புதிதாக எதையும் செய்ய முயலாமல், வழக்கமாக நன்கு செய்வதையே ஒவ்வொரு நகர்த்தலிலும் தொடர வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து.

குகேஷிடம் இதற்கான அடித்தளம் முன்பே இருந்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் வெல்லத்தக்க நிலையிலிருந்து தோற்றார். அதை அடுத்த ஓய்வு நாளில் மனம் தெளிந்ததே திருப்புமுனை என்று பின்னர் கூறினார். அப்போட்டியை வென்று, உலகப் பட்டத்துக்கு டிங் லிரெனை எதிர்கொள்ளும் தகுதி பெற்றார்.

சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று தொடங்கிய பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடியும் அவர் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினோராம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றார். மறுநாளே பன்னிரண்டாம் ஆட்டத்தில் தோற்று 6–6 ஆனது. ஆட்டம் தொடங்குமுன் பலகையின்முன் கண்மூடி அமர்ந்திருக்கும் அவர் வழக்கம் தோல்விக்குப் பின்னும் மாறவில்லை. டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காம் ஆட்டத்தில், சமநிலையில் முடியும் என்று பலரும் எண்ணியிருந்தபோது, டிங் 55 ஆவது நகர்த்தலில் கோட்டையைத் தவறான இடத்துக்கு நகர்த்தினார். குகேஷ் 7½–6½ என்ற கணக்கில் வென்றார். அப்போது அவருக்கு வயது 18.

இவ்வெற்றியை மனப் பயிற்சியின் வெற்றி என்று மட்டும் கூறுவது மிகை. திறந்த ஆட்டங்களுக்கான ஆயத்தமும் கணக்கிடும் ஆற்றலும் இல்லாமல் எந்த மூச்சுப் பயிற்சியும் அங்கே கொண்டு சேர்த்திராது. மனப் பயிற்சி செய்தது, தோல்வி ஒன்று அடுத்த ஆட்டத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டதே.

எல்லைகள்

மேற்கண்ட நுட்பங்கள் போட்டிக்கு முந்தைய நாள் கற்கத்தக்கவை அல்ல. அன்றாடப் பயிற்சியிலேயே, புள்ளி எண்ணி, பார்வையாளர்களை நிறுத்தி, சிறு நெருக்கடியை உருவாக்கிப் பழக வேண்டும். உடுமலைப்பேட்டை மாணவியைப் போன்றோருக்கு, புதிய மைதானத்தில் முன்கூட்டியே ஒருமுறை ஓடிப் பார்க்க வாய்ப்பளிப்பது பல அறிவுரைகளைவிடப் பயன்தரும்.

எல்லாப் பதற்றமும் இந்நுட்பங்களுக்கு அடங்குவதும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தம் உடலின் நிலை தமக்கே தெரியாமல் போவதை உணர்ந்து அணிப் போட்டியிலிருந்து விலகினார். தொடர்ந்திருந்தால் கழுத்து முறியும் அபாயம் இருந்தது. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, விளையாட்டையே விட்டோடும் எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது பயிற்றுநரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரின் உதவி தேவை. இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி-மானஸ் உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.