நீராவி எஞ்சினுக்கு ஓர் உபயம்

இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்தை ‘கேஜ்’ என்பர். இந்தியாவில் பெரும்பாலான ரயில்கள் ஓடும் அகலப்பாதையில் இது 1,676 மில்லிமீட்டராகவும், ஒரு காலத்தில் தென்னகம் முழுவதும் பரவியிருந்த மீட்டர் கேஜில் 1,000 மில்லிமீட்டராகவும் இருக்க, இவற்றினும் ஒடுங்கி 762 அல்லது 610 மில்லிமீட்டர் அளவில் அமைந்தவை ‘நேரோ கேஜ்’ எனப்படும் குறுகிய பாதைகள் ஆகும். பாதை ஒடுங்க ஒடுங்க வளைவுகளைக் கூர்மையாக அமைக்க இயலும் என்பதாலும், பாலமும் மண்வேலையும் குறைந்து செலவு சுருங்கும் என்பதாலும், மலைச்சரிவு, கற்சுரங்கம், தேயிலைத் தோட்டம், பஞ்சம் பாதித்த வறண்ட வட்டாரம் ஆகிய இடங்களுக்கே இவை முதலில் சென்றன.

தமிழகத்திலும் இத்தகைய பாதைகள் இருந்தன என்பது இன்று பலரும் அறியாத செய்தி. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் 762 மில்லிமீட்டர் பாதைகள் திறக்கப்பட்டு, பின்னது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1940-களின் தொடக்கத்துக்குள் இவை யாவும் மூடப்பட்டுவிட்டன. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்திருந்த மூணாறில் ஓடிய 610 மில்லிமீட்டர் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990-கள் வரை தாக்குப்பிடித்து, பிறகு அகலப்பாதையாக மாறியது. ஓடுவது நின்ற ரயிலின் இரும்பு எடைக்குப் போய்விடும் என்பதால், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்க உள்ளூரில் நாலு பேர் இருந்தார்களா என்பதைப் பொறுத்தே அதன் கதி அமைகிறது.

அப்படிக் கேட்டவர்களால் ஒரு ரயில் பிழைத்த முதல் நிகழ்வு வேல்ஸ் நாட்டில் நடந்தது. சிலேட்டுக் கல்லை மலையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவருவதற்காக 1865-இல் அமைக்கப்பட்ட டாலிலின் ரயில்வே, 686 மில்லிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமும் உடைய சிறு பாதை. சுரங்கம் மூடப்பட்ட பிறகும் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அதை ஓடவைத்த உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950-இல் மறைந்தபோது, பாதை அத்துடன் முடிந்துவிடும் நிலை வந்தது. எழுத்தாளரும் பொறியாளருமான எல்.டி.சி. ரோல்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்காம் நகரில் பொதுக்கூட்டம் கூட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1951-ஆம் ஆண்டு மே 14 அன்று, கூலி பெறாத தொண்டர்கள் பொறுப்பேற்ற முதல் ரயில் அப்பாதையில் புறப்பட்டது. உலகில் தன்னார்வலர்களால் காக்கப்பட்ட முதல் ரயில்வே இதுவே. அப்போது ஓடும் நிலையில் இருந்தது ‘டோல்கோக்’ என்னும் ஒரே எஞ்சின்தான். மூடப்பட்டிருந்த அண்டைப் பாதையொன்றின் இரு எஞ்சின்களைத் தலா 25 பவுண்டுக்குச் சங்கம் வாங்க, அவற்றுள் ஒன்றை லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் எஞ்சின் தொழிற்சாலை விலையின்றிப் பழுதுபார்த்துக் கொடுத்தது. தாமஸ் என்னும் நீல எஞ்சினின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அந்தப் பாதையில் தொண்டராகக் கார்டு வேலை பார்த்தவர். அந்த அனுபவமே பின்னர் அவருடைய கதைகளில் ஒரு குறும்பாதையாக உருப்பெற்றது. பாதையின் முனையிலுள்ள டைவின் ஊரில் குறும்பாதை ரயில்களுக்கெனத் தனி அருங்காட்சியகம் ஒன்றும் இன்று நடைபெறுகிறது.

இத்தகைய இடத்தில் தொண்டர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும், ஏனெனில் நீராவி எஞ்சின் சாவியைத் திருகியதும் கிளம்பும் வண்டி அன்று. காலையில் முதல் ரயில் புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே ஷெட்டுக்கு வருபவர், முந்தைய நாளின் சாம்பலையும் கரிக்கட்டியையும் வாரி வெளியேற்றி, கொதிகலனில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணாடிக் குழாயில் இருமுறை சரிபார்த்த பிறகே தீ மூட்டத் தொடங்குவார். உலைக்கு மேலுள்ள தகட்டை எப்போதும் நீர் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் தகடு பழுக்கக் காய்ந்து கொதிகலனே வெடிக்கக்கூடும் என்பதால், தீயைவிட நீரின் மீதே ஃபயர்மேனின் கண் அதிகம் இருக்கும். எண்ணெய் தோய்ந்த துணியும் விறகும் பற்றி, அதன்மேல் சிறிது சிறிதாகக் கரி வீசப்பட்டு, இரும்பு சீராகச் சூடேறிக்கொண்டிருக்கும் அந்நேரத்தில் இன்னொருவர் எண்ணெய்க் குவளையுடன் எஞ்சினைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விடுவார். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகடுகள் ஒரே சீராக விரியாமல் இணைப்புகள் கசியத் தொடங்கும். ஆகவே பொறுமைதான் இந்த வேலையின் முதல் பாடம்.

ஆனால் எஞ்சினைத் தொடும் பணிக்கு வருவோர் தொண்டர்களுள் ஒரு பகுதியினரே. கட்டை மாற்றி, ஜல்லி இறுக்கி, வடிகால் வெட்டும் கேங்மேன் வேலைக்கும், டிக்கெட் கொடுப்பதற்கும், பெட்டிகளின் மரச்சட்டங்களுக்கு வார்னிஷ் அடிப்பதற்கும், பழைய கால அட்டவணைகளையும் வரைபடங்களையும் அட்டவணைப்படுத்துவதற்கும், தேநீர்க் கடையைக் கவனிப்பதற்கும் ஆட்கள் தேவை. புதிதாக வருபவரைத் துடைக்கும் துணியோடு எஞ்சினைச் சுத்தம் செய்ய விட்டு, பல ஆண்டுப் பழக்கத்துக்கும் தேர்வுக்கும் பிறகே ஃபயர்மேனாகவும் டிரைவராகவும் உயர்த்துவது பழைய ரயில்வேயின் முறை. தொண்டர் ரயில்களும் அதையே கைக்கொள்கின்றன. இங்கே காக்கப்படுவது கைப்பழக்கம். எஞ்சினை மேடையேற்றிப் பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டால் இரும்பு நிற்கும், அதை ஓட்டத் தெரிந்தவரின் அறிவு ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும்.

பணத்தின் தேவையும் எஞ்சினின் உடலமைப்பிலிருந்தே எழுகிறது. கொதிகலனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் நீளவாக்கில் செல்கின்றன. உலையின் வெப்பப் புகை அவற்றினூடே பாய, சூழ்ந்துள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. நீரும் நெருப்பும் இருபுறமும் அரிப்பதால் இக்குழாய்கள் தேயும், தகடு மெலியும். ஆகையால் பிரிட்டனில் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனை எஞ்சினிலிருந்து தூக்கி இறக்கி, முழுவதும் பிரித்து, நீரழுத்தச் சோதனை செய்து, மீண்டும் பொருத்துவது வழக்கம். டிக்கெட் வருமானம் அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும் நிலையில், இந்தப் பெருஞ்செலவுக்கு முன்கூட்டியே நிதி திரட்டியாக வேண்டும். குழாய் ஒன்றுக்கு இன்ன தொகை என்று பிரித்து ஆளுக்கொரு குழாய் ஏற்கச் சொல்வதும், மாதந்தோறும் சிறு தொகை செலுத்தும் உறுப்பினர்களைச் சேர்ப்பதும், உயில் கொடைகளைப் பெறுவதும் அங்கே நிலைபெற்ற வழிகள். குறும்பாதையைச் சேர்ந்தது அன்றெனினும், ‘டொர்னாடோ’ என்னும் புத்தம்புதிய நீராவி எஞ்சின் இங்கு நினைக்கத்தக்கது: வாரத்துக்கு ஒரு குவளை பீரின் விலையைக் கொடுங்கள் என்று 1990-இல் தொடங்கிய வேண்டுகோள், ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டாகப் பெருகி, 2008-இல் எஞ்சினாக உருண்டு வெளியே வந்தது.

காவிரிக் கரையில் வாழ்வோருக்கு இந்த முறையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. திருவரங்கத்தில் சில நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்ற தெற்கு ராயகோபுரம், அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் 13 நிலைகளும் நிறைந்து 1987 மார்ச் மாதம் குடமுழுக்குக் கண்டபோது, அதற்கான பொருள் நிலை நிலையாகப் பிரித்தே திரட்டப்பட்டிருந்தது. நிலைகளுள் ஒன்று இசையமைப்பாளர் இளையராஜாவின் கொடை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்னும் மரபும், பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனைப் பிரிக்கும் வழக்கமும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. தலைக்கட்டு வரி, மண்டகப்படி, உபயம், உழவாரப்பணி என்று கூட்டாகப் பணமும் உடலுழைப்பும் தருவதற்குத் தமிழில் இத்தனை சொற்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றேனும் பழைய எஞ்சினின் பக்கம் இன்னும் திரும்பவில்லையே என்பதுதான் வருத்தம்.

இந்தியாவில் ரயில் அரசின் உடைமை. பயணிகள் ரயிலை ஓட்டவோ பாதையில் கை வைக்கவோ பொதுமக்கள் சங்கத்துக்கு இடமில்லை. எனினும் தொண்டுக்குக் கதவு முழுவதும் அடைபட்டுவிடவில்லை. தில்லியில் 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் உருவாகப் பெரிதும் உழைத்தவர் மைக்கேல் சேட்டோ என்னும் ஆங்கிலேயர். தனியார் வேதியியல் நிறுவனம் ஒன்றில் உயர்பொறுப்பு வகித்த அவர், நாடெங்கும் ஷெட்களில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களைத் தேடிப் பட்டியலிட உதவிய ஆர்வலர். டார்ஜிலிங்கின் 610 மில்லிமீட்டர் மலைப்பாதைக்காக 1997-இல் பிரிட்டனில் ஓர் ஆர்வலர் சங்கம் அமைந்தது. 1999-இல் அப்பாதை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. நீலகிரி மலை ரயில் 2005-இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அது மீட்டர் கேஜ் ஆனாலும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பதித்த பற்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுவது. 12 அடிக்கு ஓரடி என்ற அளவுக்குச் செங்குத்தான அந்த ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது.

இவ்விரு மலைப்பாதைகளும் திருச்சிக்குக் கடன்பட்டவை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928-இல் பொன்மலையில் நிலைபெற்றது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டார்ஜிலிங்குக்கான எண்ணெயில் எரியும் குறும்பாதை எஞ்சின்களும், 2011 முதல் 2014 வரை நீலகிரிக்கான நான்கு எண்ணெய் எஞ்சின்களும், 2021-இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினும் அங்கே புதிதாகச் செய்யப்பட்டன. நீலகிரிக்கான இந்தப் புதிய எஞ்சின்களுக்கு முன்மாதிரியான பழையவற்றைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. அவற்றின் பழைய பாகங்களை அளந்து பார்த்துப் புதியன வார்த்தெடுக்கும் திறன் இன்று பொன்மலைக்கு உண்டு. சில கல் தொலைவில், பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சி ஆலை 1960-கள் முதல் அனல்மின் நிலையங்களுக்கான உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்துவருகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்திக் கொடுத்ததும் அந்த ஆலைதான். கொதிகலனை அறிந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் ஓய்வுபெற்று இத்தனை பேர் ஒரே ஊரில் குடியிருப்பது நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

திருச்சியில் 2014 முதல் ரயில் அருங்காட்சியகமும் உள்ளது. அதற்கோ, அதைப் போன்ற ஒன்றுக்கோ ஆதரவாளர் அறக்கட்டளை ஒன்று அமையுமானால், நிதிக்கான சட்ட வழிகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. 80ஜி என்று பலரும் அறிந்த வருமான வரிச் சலுகையைப் பதிவுபெற்ற அறக்கட்டளைகள் தம் கொடையாளருக்குப் பெற்றுத்தர இயலும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டுவன போன்ற பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது; செலவிடத்தக்கவையாக அச்சட்டம் அடுக்கும் துறைகளுள் தேசிய மரபுச் செல்வங்களின் பாதுகாப்பும் ஒன்று. ஆயினும் பெரு நிறுவனத்தின் ஒரே காசோலையைவிட, ஆயிரம் பேர் மாதம் நூறு ரூபாய் தருவதே உறுதியான அடித்தளம். காசோலை அடுத்த ஆண்டு வராமல் போகலாம். மாதச் சந்தா கொடுப்பவரோ ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்க வந்து, ஒரு நாள் துணியும் எண்ணெயும் எடுத்துத் துடைக்கவும் தொடங்குவார்.

திருச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே உள்ள துறையூரில் ரயிலே இல்லை; அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு பாதை வேண்டும் என்பது அவ்வட்டாரத்தின் நெடுநாள் கோரிக்கை. ரயிலைப் பார்க்கவே பேருந்து ஏற வேண்டிய ஊரின் மாணவர்களுக்குத்தான் இந்தத் தொண்டில் முதலிடம் தரப்பட வேண்டும். இரும்பைத் தொடுவதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. கொதிகலனின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இணைக்கும் தாங்குகம்பிகளுள் முறிந்தது எது என்பதைப் பழைய பாய்லர் தொழிலாளர் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டியே கண்டறிவர். முழுக் கம்பி கணீரென்று ஒலிக்கும், முறிந்த கம்பி மந்தமாகச் சத்தமிடும். எந்தக் கையேட்டைப் படித்தாலும் அந்த வேறுபாடு காதில் ஏறாது. அதைக் கேட்டுப் பழகியவர்கள் எழுபது, எண்பது வயதில் பொன்மலைக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். பள்ளி மாணவர் ஒருவர் செல்பேசியுடன் சென்று, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, அந்த இரண்டு ஓசைகளையும் இந்த ஆண்டே பதிவு செய்துகொள்ள முடியும்.