வண்டி சொல்லும் மைலேஜ்

"அண்ணே, வண்டி 17.8 காட்டுது. பங்க் பில்லை வச்சு நானே கணக்குப் போட்டா 16.8தான் வருது. ஒரு கிலோமீட்டர் எங்க போச்சு?"

கருங்குழியில், ஜிஎஸ்டி ரோட்டோரம் டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டது. வாடகைக் கார் ஓட்டுகிறவர். காலையில் செங்கல்பட்டு ரயில் நிலையம், வெயில் தாழ்ந்ததும் மாமல்லபுரம், வெள்ளிக்கிழமைகளில் மேல்மருவத்தூர் என்று ஓடும் வண்டி அது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பது அவருக்கு வண்டித் தவணைக்குப் போகிற பணம். ஆகவே அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே பேச ஆரம்பித்தோம்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வழியில் நிறுத்தி அளக்கும் கருவி எதுவும் நம் கார்களில் கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று எஞ்சினின் கணினிதான் கட்டளையிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம். இந்தத் துணுக்கு நேரங்களைக் கணினி விடாமல் கூட்டி வைத்துக்கொள்கிறது. இன்ஜெக்டர் முழு விநாடி திறந்திருந்தால் இவ்வளவு பெட்ரோல் வரும் என்ற எண் அதற்குத் தொழிற்சாலையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் செலவான பெட்ரோல் கிடைக்கும். சக்கரம் சுற்றிய எண்ணிக்கையிலிருந்து தூரம் கிடைக்கும். தூரத்தைப் பெட்ரோலால் வகுத்தால் முகப்பில் தெரியும் மைலேஜ்.

கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், மோட்டார் ஓடிய நேரத்தை வைத்தே எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று சொல்லிவிடுவார். மோட்டார் தேய்ந்திருந்தால் நேரம் சரியாகவே இருக்கும், தண்ணீர்தான் குறைந்திருக்கும். இன்ஜெக்டர் கணக்கும் அப்படித்தான். அதில் கொஞ்சம் கசடு படிந்தால் ஒவ்வொரு பீய்ச்சலிலும் பெட்ரோல் குறையும். புகைபோக்கியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கணினி திறப்பு நேரத்தை நீட்டும். எஞ்சினுக்குத் தேவையான பெட்ரோல் போய்ச் சேர்ந்துவிடும். முகப்புக் கணக்கோ, நேரம் நீண்டதைப் பார்த்துச் செலவு கூடிவிட்டதாக எண்ணி, மைலேஜை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இன்ஜெக்டர் சொன்ன அளவைவிடச் சற்று அதிகமாகப் பீய்ச்சும் வண்டியில் இதற்கு நேர்மாறு: மைலேஜ் கூடுதலாகத் தெரியும். தம்பியின் வண்டி இந்த இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு.

கார்புரேட்டர் வண்டியில் இந்தக் கணக்கை எழுத ஆளே இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்து, இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிய பிறகுதான் சாதாரண ஸ்கூட்டரின் முகப்பிலும் மைலேஜ் எண் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பு நோட்டில் எழுதிப் பார்த்தவர்கள் இன்று முகப்பைப் பார்த்தே வண்டியை எடைபோடுகிறார்கள். அதனால்தான் இந்த எண்ணின் பிழையைப் புரிந்துகொள்வது முக்கியமாகிறது.

தம்பிக்கு முதல் சந்தேகம் டயர் மேல். "பட்டன் தேஞ்சு போச்சுண்ணே, அதனாலயா?" நல்ல சந்தேகம்தான். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். மாற்றியே ஆக வேண்டிய 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால், சக்கரத்தின் ஆரம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். 14 அங்குலச் சக்கரம் உள்ள அவருடைய காரில் அது ஏறத்தாழ 2 சதவீதம். சின்னதான சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். வண்டி அதைக் கூடுதல் கிலோமீட்டராக எழுதிக்கொள்ளும். ஆனால் முகப்பும் அந்தக் கிலோமீட்டரைத்தான் எடுக்கிறது, தம்பியின் பேப்பர் கணக்கும் அதே கிலோமீட்டரைத்தான் எடுக்கிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு டயர் காரணமாக இருக்கவே முடியாது. டயர் செய்வது வேறு: இரண்டையும் சேர்த்தே உயர்த்திவிடுகிறது. உண்மையான மைலேஜ் 16.8 கூட இல்லை, 16.5ஐ ஒட்டித்தான் இருக்கும். இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். படாளம் பக்கமோ மதுராந்தகம் பக்கமோ, நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் பத்தைக் கடக்கும்போது ட்ரிப் மீட்டர் 10.2 காட்டினால் பிழை 2 சதவீதம்.

ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆகவே கிலோமீட்டரும் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதி 39. அந்தச் சலுகை முள்ளுக்கு மட்டும்தான். ஓடிய தூரத்தை வண்டி தனியாக எண்ணுகிறது.

ஆக, இடைவெளி பெட்ரோல் பக்கம் இருக்கிறது. தம்பி 504 கிலோமீட்டர் ஓடி, 30 லிட்டர் நிரப்பியிருந்தார். வகுத்தால் 16.8. சரி, முகப்பின் சராசரியை எப்போது சைபர் ஆக்கினார்? ட்ரிப் மீட்டரை மட்டும் அழுத்தியிருக்கிறார். சராசரி தானாக மாறும் என்று நினைத்திருக்கிறார். சில வண்டிகளில் டேங்க் நிரம்பினால் அது தானாகவே மாறும். சிலவற்றில் நாம் அழுத்தும் வரை மாதக்கணக்கில் பழைய கணக்கையும் சேர்த்துக்கொண்டே போகும். அப்படியானால் அவர் ஒப்பிட்டது இந்த டேங்கின் மைலேஜையும், கோடை விடுமுறையில் நெடுஞ்சாலையில் சீராக ஓடியதும் சேர்ந்த மைலேஜையும். ஒரு கிலோமீட்டரில் பாதி இதிலேயே போயிருக்கலாம்.

அடுத்தது பங்க். நாசில் முதல் தடவை கட் ஆகும் இடம் எல்லா நாளும் ஒன்றல்ல. பெட்ரோல் பாயும் வேகம், நுரை, வண்டி நிற்கும் சாய்வு, நாசில் எவ்வளவு உள்ளே நுழைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கட் ஆன பிறகும் ரூபாயை ரவுண்டாக்கச் சொட்டுச் சொட்டாக விடும் பழக்கம் வேறு. போன முறை ஒரு லிட்டர் குறைவாக நிரப்பி, இந்த முறை கழுத்துவரை நிரப்பியிருந்தால், 30 லிட்டரில் அந்த ஒரு லிட்டர் 3 சதவீதத்துக்கு மேல். கழுத்துவரை நிரப்புவது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் குடுவைக்கும் கெடுதல். அதையும் தம்பிக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பங்க் மெஷினின் அளவைப் பற்றி ஊரில் நிறையச் சந்தேகம் பேசுவார்கள். ஆனால் மைலேஜ் கணக்கில் நாம் கையில் வைத்திருக்கும் அளவுகளிலேயே நம்பத்தக்கது அதுதான். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர், அதாவது அரை சதவீதம், அதற்கு மேல் பிழை இருக்கக் கூடாது என்பது சட்டம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் சோதித்து முத்திரை இடுகிறார்கள். முத்திரை பதித்த 5 லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். சந்தேகப்படும் யாரும் அதில் அளந்து காட்டச் சொல்லலாம். கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அது வாடிக்கையாளரின் உரிமை.

இத்தனை சின்னச் சின்னப் பிழைகளையும் அமுக்கிவிட வழி ஒன்று உண்டு. ஒரே பங்க், முடிந்தால் ஒரே மெஷின், முதல் கட்டோடு நிறுத்துவது. நிரப்பும்போது ட்ரிப் மீட்டரையும் சராசரியையும் சேர்த்தே சைபர் ஆக்குவது. பிறகு ஒரு டேங்கோடு கணக்கை முடிக்காமல், நாலைந்து டேங்க் வரை எதையும் அழுத்தாமல் பில்களை மட்டும் சேர்த்து வைப்பது. நடுவில் எப்படி நிரப்பினாலும் பரவாயில்லை. முதல் நிரப்பும் கடைசி நிரப்பும் நின்ற மட்டம்தான் கணக்கில் வரும். மொத்தம் 150 லிட்டர் ஆனபின் ஒரு லிட்டர் குழப்பம் ஒரு சதவீதம்கூட இல்லை. அப்போதும் முகப்புக்கும் பில்லுக்கும் நடுவே நாலு சதவீதம் நிற்கிறதென்றால், அதுதான் அந்த வண்டியின் சொந்தப் பிழை. தம்பியின் வண்டிக்கு அது கிடைத்துவிட்டால், முகப்பில் தெரியும் எண்ணை 0.96ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இன்ஜெக்டரை மாற்றும்வரை அந்தப் பிழை பெரிதாக நகராது. டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால், அதன் மேல் பொறித்திருக்கும் திருத்த எண்ணைக் கணினியில் ஏற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். ஏற்றாவிட்டால் எஞ்சினும் முரண்டு பிடிக்கும், முகப்பு எண்ணும் தவறிப்போகும்.

நாலு, ஐந்து சதவீதம் என்பது தம்பி வண்டியின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவின் ஏஏஏ வாகன சங்கம் 2022இல் ஆய்வகத்தில் வண்டிகளை உருளைகள் மேல் ஓட்டிப் பார்த்தபோது, சராசரிப் பிழை 2.3 சதவீதமாகவும், தனி வண்டியில் அதிகபட்சம் 6.4 சதவீதமாகவும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம், 2021 முதல் விற்கப்படும் புது பெட்ரோல், டீசல் கார்கள் எல்லாவற்றிலும் எரிபொருள் செலவைப் பதிவுசெய்யும் கணக்கு இருக்க வேண்டும், அதன் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அந்தப் பதிவுகளை லட்சக்கணக்கான வண்டிகளிலிருந்து திரட்டி 2024 மார்ச்சில் வெளியிட்டபோது, பெட்ரோல், டீசல் கார்கள் சாலையில் உண்மையாகக் குடிப்பது, நிறுவனங்கள் சான்றிதழில் சொன்னதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. முகப்பு எண் ஒழுங்காக வரையறுக்கப்பட்டால் அது நுகர்வோர் பக்கம் நிற்கும் சாட்சியாகும் என்பதற்கு இது சான்று. இங்கே வண்டி விற்கிறவர்களும் முகப்பு எண்ணின் பிழை எவ்வளவு என்பதை வாங்குகிறவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் வரும் மைலேஜ் வேறு வழியில் பிறப்பது. ஆய்வகத்தில் வண்டியை உருளை மேல் வரையறுத்த வேகங்களில் ஓட்டி, புகையில் வரும் கார்பனின் அளவிலிருந்து எரிபொருளைக் கணக்கிடுகிறார்கள். அதற்கும் முகப்புக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

இப்போது தம்பியைப் போன்றவர்களை வாட்டும் கேள்வி இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். "எத்தனால் கலந்ததுலேருந்து மைலேஜ் போச்சுண்ணே." படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் ஊர் இது, எத்தனால் எதிலிருந்து வருகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் கலந்தால், எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட வெப்பம் 6, 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு அமைத்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றும், 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20க்கு அமைத்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்றும் சொன்னது. இ20ஐ எதிர்த்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஆனாலும் பங்குகளில் பேச்சு ஓயவில்லை.

இந்தக் குறைவை முகப்பு பிடிக்குமா? இன்ஜெக்டர் நேரத்தை எண்ணும் வண்டியில் பிடிக்கும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் சென்சார் அதைக் கண்டு பெட்ரோலைக் கூட்டச் சொல்லும், திறப்பு நேரம் நீளும், கணக்கில் ஏறிவிடும். ஆனால் தனியாக வாங்கி வண்டியில் செருகி, போனில் மைலேஜ் பார்க்கும் கருவிகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் பல, எஞ்சின் உறிஞ்சும் காற்றை வைத்து, 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்ற பழைய விகிதத்தில் வகுக்கின்றன. இ20க்கு அந்த விகிதம் சுமார் 13.5. ஆகவே அந்தக் கருவி எரிபொருளை 8 சதவீதம் குறைத்து எண்ணி, மைலேஜ் குறையவே இல்லை என்று சொல்லிவிடும். இ20ஐப் பற்றி முடிவுக்கு வர அதை நம்பக் கூடாது. முகப்பை நம்புவதானாலும் ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மே மாத ஏசியும் மார்கழிக் காலையும் ஒன்றல்ல.

ஏசி என்றதும் இன்னொன்று. ரயில் வரும்வரை செங்கல்பட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால், சின்னக் காரே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், கிலோமீட்டர் ஏறாது. சராசரி இறங்குவதைப் பார்த்து வண்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சராசரியைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். போகும்போது 20, வரும்போது 10 என்றால் சராசரி 15 என்று தம்பி சொன்னார். நூறு கிலோமீட்டர் போக 5 லிட்டர், வர 10 லிட்டர். 200ஐ 15ஆல் வகுத்தால் 13.3. முகப்பு சரியாகத்தான் சொல்கிறது, நம் மனக்கணக்குதான் வழுக்குகிறது.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண்ணைத்தான் இவை எல்லாவற்றிலும் குறைவாக நம்ப வேண்டும். அது டேங்கின் மிதவை காட்டும் மட்டத்தை, சமீபத்தில் ஓடிய மைலேஜால் பெருக்குகிறது. ஜிஎஸ்டி ரோட்டில் 80இல் சீராக வந்தபோது 90 காட்டியது, செங்கல்பட்டு நெரிசலுக்குள் நுழைந்தால் சரசரவென்று இறங்கும். அதில் நாற்பது தெரிந்தாலே பங்க்குக்குத் திரும்பிவிடுவது நல்லது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். வற்ற விட்டு ஓட்டினால் பம்ப் சூடாகிப் பழுதாகும்.