கடல் இல்லாத ஊருக்கு புயல் எதுக்கு வருது? காற்று நின்ன பிறகுதான் இருக்கு ஆபத்து!

கோவை: வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வு நிலை என்று டி.வி.யில் சொன்னதும் நம்ம ஊர்ப் பக்கம் சேனலை மாற்றி விடுவார்கள். கடல் எங்கே, கோவை எங்கே? நாகப்பட்டினத்துக்கும் நமக்கும் 300 கிலோ மீட்டர் இருக்குங்க, புயல் இங்கே வந்து என்ன பண்ணப் போகுது என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

அந்தப் பேச்சு பாதி உண்மை. புயலுக்குச் சாப்பாடு போடுவது கடலின் சூடான தண்ணீர்தான். கரை ஏறியதும் அந்தச் சாப்பாடு நின்று விடும். காற்றின் வேகமும் குறைந்து விடும். ஆனால் சுமந்து வந்த மழையை அது எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். அது நம்ம பக்கமாகவும் இருக்கலாம்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். கடலில் இருந்து 100 கிலோ மீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில், ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை எல்லாம் வெள்ளம் இழுத்துக் கொண்டு போனது. 2018 நவம்பர் 16-ந் தேதி நாகை - வேதாரண்யம் இடையே கரை கடந்த கஜா புயலும் டெல்டாவோடு நிற்கவில்லை. திண்டுக்கல் வழியாக கேரளா வரை போனது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்தன.

நம்ம ஊர் காற்று

புயலே வராவிட்டாலும் காற்று நம்மை விடுவதில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றில் மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தி பக்கம் குலை தள்ளிய வாழைகள் சாய்வது விவசாயிகளுக்குப் பழகிப்போன கண்ணீர். அப்புறம் ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன.

கொங்கு மண்டலத்தில் காற்று நேரடியாக ஆளைத் தூக்கிக் கொண்டு போகாது. மரத்தைச் சாய்க்கும். மரம் கம்பியை அறுக்கும். மழை சுவரை ஊற வைக்கும். உயிரை எடுப்பது இந்த மூன்றுதான்.

2019 டிசம்பர் 2-ந் தேதி விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது யாருக்கும் மறக்காது. புயல் இல்லை, மழைதான். பக்கத்து இடத்தின் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்ததில், தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் அப்படியே போய் விட்டார்கள். வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டை ஒட்டி என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் நாளே செய்ய வேண்டியது

வீட்டை ஒட்டி பழைய காம்பவுண்டு சுவரோ, கருங்கல் சுவரோ இருந்தால், மழை நாட்களில் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். சுவர் வெளியே உப்பினாலோ, புதிதாக விரிசல் விட்டாலோ, அன்று இரவு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் விடுங்கள். கவுரவம் பார்க்காதீங்க.

அட்டை வீடு, தகர ஷீட் வீடு என்றால் போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். ஷீட் பறக்காமல் இருக்க மேலே கல்லைத் தூக்கி வைப்பது நம்ம வழக்கம். பலத்த காற்றில் அந்தக் கல்லே கீழே நிற்பவர் தலையில் விழும். கல்லுக்குப் பதில் மணல் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவது நல்லது.

மொட்டை மாடி டேங்கை நிரப்பி விடுங்கள். காலி டேங்க் காற்றில் உருளும். கரண்ட் போனால் உப்புத்தண்ணி மோட்டாரும் ஓடாது. குடிக்கிற நல்ல தண்ணியை இரண்டு நாளைக்குக் குடத்தில் பிடித்து வையுங்கள். செல்போன், சார்ஜர் லைட், பவர் பேங்க் மூன்றுக்கும் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டு விடுங்கள்.

கிரைண்டர் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறோம். மாவை முன்கூட்டியே ஆட்டி வையுங்கள், ஆனால் ஒரு வாரத்துக்கு ஆட்டாதீர்கள். மூடியே இருக்கும் பிரிட்ஜில் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சி நிற்கும். சும்மா சும்மா திறந்தால் அதுவும் இல்லை.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால், ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மருந்தை நனையாமல் டப்பாவில் போட்டு அதற்குள் வைக்கலாம். ஐஸ் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. உறைந்து போன இன்சுலின் பயன்படாது.

கரண்டை ஏன் முன்னாடியே நிறுத்துறாங்க?

காற்று பலமாக அடிக்க ஆரம்பித்ததும் ஈ.பி.க்காரர்கள் சப்ளையை நிறுத்தினால் திட்டாதவர் இல்லை. ஓடுகிற கரண்டோடு கம்பி அறுந்து ரோட்டில் விழுந்தால், முதலில் மிதிப்பவர் செத்தார். அதனால்தான் நிறுத்துகிறார்கள்.

2012-ல் நாம் பார்க்காத கரண்ட் கட்டா? ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தறியும் லேத்தும் சும்மா நின்ற காலம் அது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்று அப்போது கிண்டல் கூட உண்டு. ஆனால் அந்தக் கட்டில் போகிற நேரமும் வருகிற நேரமும் ஓரளவு தெரியும். காற்று மழையில் போகிற கரண்டுக்கு டைம் டேபிள் கிடையாது. கஜாவில் லட்சக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்து, சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் வெளிச்சம் இல்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் ஒரு கணக்கு போட்டுக் கொள்ளுங்கள். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று, நல்ல நிலையில் இருந்தால், ஒரு பேனும் இரண்டு எல்.இ.டி. பல்பும் மட்டும் போட்டால் சுமார் 10 மணி நேரம் தாங்கும். டி.வி.யும் மிக்சியும் சேர்த்தால் பாதி ராத்திரியில் கொசுக்கடிதான்.

மெழுகுவர்த்தி ஏற்றினால் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வையுங்கள். திரைச்சீலை பக்கம் வேண்டாம். ஏற்றி வைத்து விட்டுத் தூங்கவே வேண்டாம்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ, மூடிய ஷெட்டிலோ ஓட்டாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும்.

காற்று நின்ன பிறகு...

நம்ம ஆட்கள் தப்பு செய்வது இங்கேதான். காற்று ஓய்ந்ததும் காலையில் தோட்டம் என்னாச்சு, தென்னை என்னாச்சு, தறிக்கூடம் என்னாச்சு என்று செருப்பு கூட இல்லாமல் ஓடுவார்கள்.

அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 30 அடிக்கு இப்பாலேயே நில்லுங்கள். ஈரத் தரையிலும் கரண்ட் பாயும். தெரியாமல் பக்கத்தில் போய் விட்டால் ஓடாதீர்கள். காலை எட்டி வைத்தால் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையே கரண்ட் புகுந்து விடும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையில் இழுத்து இழுத்து வெளியே வாருங்கள். கம்பி பட்ட வேலி, துணி காயப்போடும் கொடிக்கம்பி, ஆடு மாடு எதையும் தொடாதீர்கள்.

வீட்டுக்குள் ஒருவருக்கு ஷாக் அடித்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை ஆப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ, பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விட்டு 108-க்குப் போன் போடுங்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும்தான். ரோட்டில் ஹெச்.டி. லைன் என்றால் கட்டையும் காப்பாற்றாது.

கரண்ட் வந்ததும் பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தால் சந்தோஷப்படாதீங்க. வெளியே நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறும். உடனே மெயினை ஆப் செய்யுங்கள்.

சோமனூர், பல்லடம் தறிக்காரர்களுக்கும், தோட்டத்து மோட்டார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் போன உடனே ஸ்டார்ட்டரை ஆப் செய்து விடுங்கள். வந்த பிறகு பத்து நிமிஷம் பொறுத்து மூன்று பேஸும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பேஸ் குறைந்தாலும் மோட்டார் உறுமும், சூடேறும், கருகும். காயில் கட்டுகிற செலவு ஒரு மாத வருமானத்தைத் தின்று விடும்.

வீட்டில் உயிர்காக்கும் சாதனம் என்கிற ஆர்.சி.சி.பி. இருந்தால், மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். இல்லாதவர்கள் ஒன்றை மாட்டி விடுங்கள். ஒரு உயிரோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

கம்பத்தில் இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளை

கடைசியாக ஒன்று. ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் உங்கள் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் ஒயர் வழியாக லைனுக்கு ஏறும், டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். சப்ளை இல்லை என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் ஒயர்மேன் கருகிப் போவார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சேர்க்காதீர்கள்.

கம்பி அறுந்திருந்தால் மின்னகம் எண் 94987 94987-க்கு 24 மணி நேரமும் சொல்லலாம். வெள்ளம், சுவர் இடிவு என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இப்போதே எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

கரண்ட் இன்று இல்லாவிட்டால் நாளைக்கு வரும். அவசரப்பட்டு வெளியே ஓடினவர் வரமாட்டார். பொறுத்திருங்க!